பால் இல்லை என்று சொல்லும் முன்

மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலையிலிருந்து நேரத்துக்கு இறங்க முடியாமல் போனவர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.



சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி. சங்கக் கூட்டம் என்றால் நாம் பேசிப் பழகியது இவைதான். இன்று பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது தாய்க்கு வரும் வலியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் கதவருகில் நிற்பவர்களில் இரண்டு மூன்று பேர் மெதுவாக நழுவப் பார்க்கிறார்கள். போகாதீர்கள் தம்பிமாரே. ராத்திரி பிள்ளை வீறிட்டு அழும்போது கடைக்கு ஓடி பால்மா வாங்குவது நீங்கள்தான். மாத முடிவில் கடைக் கொப்பியைப் பார்த்துத் தலையில் கை வைப்பதும் நீங்கள்தான். ஆகவே இது உங்களுக்கும் உரிய விசயம்.

முதலில் நம் லயங்களில் நடப்பதைச் சொல்கிறேன். யார் பெயரும் வேண்டாம். எல்லா லயத்திலும் நடப்பதுதான்.

பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் தாய்க்குக் கண்ணாடித் துண்டால் கீறியதுபோல வலிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறாள். காம்பு வெடித்து இரத்தம் கசிகிறது. அடுத்த முறை பிள்ளை அழும்போதே அவளுக்குக் கை கால் நடுங்குகிறது. இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறாள். பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை. அரை மணித்தியாலத்தில் மறுபடி அழுகை. வெளியேறாத பால் மார்பில் கட்டிக்கொண்டு கல்லாகிறது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருவர், எதிர் லயத்திலிருந்து ஒருவர், வீட்டு மாமியார், எல்லோரும் சேர்ந்து ஒரு தீர்ப்புச் சொல்கிறார்கள்: "இவளுக்குப் பால் இல்ல. புள்ள பசியில கத்துது." அன்று ராத்திரியே பால்மாப் பெட்டி வருகிறது. போத்தல் வருகிறது.

பிறகு நடப்பதைக் கவனியுங்கள். பிள்ளை போத்தலில் குடிக்கக் குடிக்க, மார்பில் குடிப்பது குறைகிறது. மார்பில் குடிப்பது குறையக் குறைய, சுரப்பதும் குறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடுகிறது. பால் இல்லை. ஆனால் அந்த மூன்றாம் நாள் அவளுக்குப் பால் இருந்தது. பிள்ளையின் வாய் சரியான இடத்தில் இல்லை. அவ்வளவுதான் குறை.

இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். தொடர்ந்து வலிக்கிறது என்றால் பிள்ளை மார்பைப் பிடித்திருக்கும் விதத்தில் ஏதோ பிழை இருக்கிறது. அநேகமாக அதைத் திருத்தலாம். திருத்துவதற்கு அறிந்த ஒரு கையும் கொஞ்சம் நேரமும் வேண்டும். கை கிளினிக்கில் இருக்கிறது. நேரத்தைச் சட்டம் தந்திருக்கிறது. இரண்டையும் கேட்டு வாங்குவது நம் வேலை.

எந்த வலி சாதாரணம், எந்த வலி சாதாரணமில்லை

முதல் சில நாட்களில் பிள்ளை வாய் வைத்ததும் ஒரு சுருக்கென்ற கூச்சம் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும். பிள்ளை குடித்து முடிக்கும் வரை வலி நீடித்தால், காம்பு வெடித்தால், பிள்ளை வாயை எடுத்ததும் காம்பு புதிய லிப்ஸ்டிக்கின் நுனிபோலச் சரிவாக நசுங்கியோ வெளுத்தோ தெரிந்தால், அது சாதாரணமில்லை. "தலப்புள்ளைக்கு அப்படித்தான், போகப் போகச் சரியாகிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

இங்கே இறப்பர் பால் வெட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். கத்தியை மரத்தில் எங்கே, எவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். மேலாகச் சுரண்டினால் சிரட்டைக்குப் பால் இறங்காது. ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும். மரத்தில் பால் இல்லை என்று அதற்கு நாம் சொல்வதில்லை. வெட்டு சரியில்லை என்றுதான் சொல்கிறோம். பிள்ளை காம்பின் நுனியை மட்டும் பிடித்துச் சப்பினாலும் அப்படித்தான். காம்பு புண்ணாகும், பால் வராது. காம்போடு அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதியும் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். அப்போது காம்பு பிள்ளையின் அண்ணத்தின் பின்பக்கம், மென்மையான இடத்தில் போய் நிற்கும். அங்கே நசுங்காது.

பிள்ளையைப் பிடிக்கும் விதம்

இந்தத் துவாயைப் பிள்ளையாக வைத்துக் காட்டுகிறேன். முன்னால் இருப்பவர்கள் செய்து பாருங்கள்.

ஒன்று, முதலில் தாய் வசதியாக உட்கார வேண்டும். லயக் காம்பராவில் சாய்மானக் கதிரை இருக்காது. சுவரில் முதுகைச் சாய்த்துப் பாயில் உட்காருங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒன்று. தலையணை இல்லாவிட்டால் உடுப்பு மூட்டை போதும். குனிந்து கொடுத்தால் முதுகும் போகும், பிடிப்பும் போகும். ஒப்பரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்கள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டும் கொடுக்கலாம்.

இரண்டு, பிள்ளையின் தலை, கழுத்து, உடம்பு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நீங்கள் தோளைப் பார்த்தபடி தலையைத் திருப்பித் தண்ணீர் குடித்துப் பாருங்கள். முடியுமா? பிள்ளைக்கும் முடியாது. பிள்ளையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். தலையை மட்டுமல்ல, முழு உடம்பையும் தாங்கிப் பிடியுங்கள்.

மூன்று, பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். காம்பால் மேலுதட்டைத் தொடுங்கள். பிள்ளை கொட்டாவி விடுவதுபோல வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுங்கள். பாதி திறந்த வாயில் திணிக்காதீர்கள்.

நான்கு, வாய் திறந்ததும் பிள்ளையை மார்பிடம் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாதீர்கள். முதலில் தாடை மார்பில் பட வேண்டும். பிடரியைக் கையால் அழுத்தித் தள்ள வேண்டாம். தலையை அழுத்தினால் பிள்ளை பின்னால்தான் இழுக்கும்.

சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நான்கு அடையாளங்கள் இருக்கின்றன. வாய் அகலத் திறந்திருக்கும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். தாடை மார்பைத் தொட்டிருக்கும். கறுப்பு வட்டம் வாய்க்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரியும். குடிக்கும்போது கன்னம் உள்ளே குழியக் கூடாது. விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். "டக் டக்" என்று நாக்குச் சத்தம் கேட்டால் பிடிப்பு நழுவுகிறது.

வலித்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். இழுத்து எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால்தான் காம்பு கிழிகிறது. கழுவிய சின்ன விரலைப் பிள்ளையின் வாய் ஓரத்தால் உள்ளே விட்டால் பிடி தளரும். ஒரு நேரத்துக்கு நான்கு தரம், ஐந்து தரம் மாற்றி வைக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. தாயும் பிள்ளையும் இரண்டு பேரும் புதிதாகப் படிக்கிறார்கள். அ எழுதப் பழகும் பிள்ளைக்கு முதல் நாளே வட்டம் சரியாக வருமா?

எனக்கு மகள் பிறந்தபோது நான்காம் நாள் இதே நிலைதான். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்த குடும்ப நலத் தாதி மிஸ் பெரிய வைத்தியம் எதுவும் செய்யவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்தார். பிள்ளையை என் பக்கம் முழுதாகத் திருப்பினார். வாய் திறக்கும்வரை பொறுக்கச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புண் ஆற இன்னும் சில நாள் எடுத்தது. ஆனால் அந்த ராத்திரி பிள்ளை அழுதபோது எனக்குப் பயம் வரவில்லை.

ஏற்கெனவே புண்ணாகிவிட்டால்

பிள்ளை குடித்து முடிந்ததும் கடைசிச் சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் காய விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம். தோல் இன்னும் காய்ந்து வெடிக்கும். வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். ஒரு பக்கம் தாங்கவே முடியாவிட்டால் அந்தப் பக்கத்துப் பாலைக் கையால் எடுத்துச் சின்னக் கோப்பையால் கொடுங்கள். பாலை மார்பிலேயே விட்டுவைக்காதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மார்பு கனத்துப் பால் கட்டிக்கொள்வது பலருக்கும் நடக்கும். கல்லான மார்பில் காம்பு தட்டையாகிவிடும். பிள்ளையால் பிடிக்க முடியாது. அப்போது வெதுவெதுப்பான துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, கையால் கொஞ்சம் பாலை எடுத்துவிட்டால் காம்பைச் சுற்றி மெதுவாகும். பிறகு பிள்ளையை வையுங்கள். கொடுத்து முடிந்ததும் குளிர்ந்த துணி வைத்தால் வீக்கத்துக்கு இதம்.

சில அறிகுறிகளுக்கு வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. மார்பில் ஓரிடம் சிவந்து, சுட்டு, கட்டியாகிக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். அது பால் குழாயில் வந்த அழற்சி. விட்டால் சீழ் கட்டும். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. "காய்ச்சல் பால் புள்ளைக்கு ஆகாது" என்று அந்தப் பக்கத்தை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் கட்டி இன்னும் கூடும். இன்னொன்று, பிள்ளையின் நாக்கிலும் கன்னத்தின் உள்ளும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை இருந்து, தாய்க்குப் பால் கொடுத்த பிறகும் காம்பு எரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து மருந்து எடுக்க வேண்டும். பிடிக்கும் விதத்தைத் திருத்தியும் வலி போகாவிட்டால் பிள்ளையின் நாக்கைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு நாக்கின் அடி கட்டியிருக்கும்.

நம் தோட்டங்களில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் அதிகம். இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் களைத்து மார்பிலேயே தூங்கிவிடும். அழவில்லை என்பதால் பசியில்லை என்று நினைக்கக் கூடாது. எழுப்பிக் கொடுக்க வேண்டும். தேவையென்றால் எடுத்த பாலைக் கோப்பையால் கொடுக்க வேண்டும். குடிக்கவே மாட்டேன் என்று துவண்டு கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய வண்டிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

பால் போதுமா என்பதற்குச் சாட்சி யார்?

அழுகை சாட்சியில்லை. பிள்ளை குளிருக்கும் அழும், அணைப்புக்கும் அழும். ராத்திரியில் லயத்து வாசலில் கூடும் சனமும் சாட்சியில்லை. சரியான சாட்சி இரண்டு. ஒன்று சிறுநீர். பிறந்து ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல் நிறமற்ற சிறுநீர் போனால் பால் போகிறது. மற்றது கிளினிக் தராசு. பிறந்ததும் எல்லாப் பிள்ளைக்கும் நிறை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பி, பிறகு வளர்ச்சிக் கோட்டோடு ஏற வேண்டும். கொழுந்து நிறுவைக்குத் தராசைப் பார்க்கிறோம் அல்லவா? "கூடை பாரம் போலத் தெரியுது" என்று யாராவது கிலோ போட்டால் ஒத்துக்கொள்வோமா? பிள்ளையின் நிறைக்கும் தராசையே கேளுங்கள்.

புதுப் பிள்ளை 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். இது பால் போதாததன் அடையாளமல்ல. பிள்ளையின் வயிறு அவ்வளவு சிறியது.

தராசு உண்மையிலேயே நிறை ஏறவில்லை என்று காட்டினால், வைத்தியர் மேலதிகப் பால் கொடுக்கச் சொன்னால், கொடுங்கள். அதில் வெட்கமில்லை. அந்தத் தாயை யாரும் குறை சொல்லவும் கூடாது. நான் எதிர்ப்பது லயத்து வாசலில் நின்று எடுக்கும் முடிவைத்தான். பால்மாப் பெட்டியின் விலையைக் கடையில் கேளுங்கள். அது எத்தனை பேருக்குச் சமம் என்று கணக்குப் போடுங்கள். மாதத்துக்கு எத்தனை பெட்டி? கட்டுப்படியாகாமல் போனதும் என்ன செய்கிறோம்? ஒரு கரண்டி மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் எந்தப் பீலியிலிருந்து வருகிறது? போத்தலை ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைக்க விறகு எங்கே?

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பத்துப் பிள்ளைக்குப் பேறு பார்த்த கைகள். தாய்க்கு வெந்நீர் ஊற்றுவதும், பூண்டும் கீரையும் ஆக்கிக் கொடுப்பதும், அவளை எழும்ப விடாமல் சமையலைப் பார்ப்பதும் எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. அதைச் செய்யுங்கள். மூன்று காரியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றாதீர்கள். மஞ்சளாக இருக்கும் அந்த முதல் பால்தான் பிள்ளைக்கு நோய் எதிர்ப்பு. பிறந்த பிள்ளைக்குத் தேனும் சீனித் தண்ணீரும் வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது ஆபத்து. "வெயில்ல நின்ன பால் கெட்டுப்போச்சு" என்று மலையிலிருந்து வந்த தாயைத் தடுக்காதீர்கள். மார்புக்குள் இருக்கும் பால் வெயிலில் கெடாது.

தாய் காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள், இரண்டு வாரமாகியும் தெளியவில்லை என்றால் அதைச் செய்வினை என்று விட்டுவிடாமல் தாதி மிஸ்ஸிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

வாய் திறந்து கேட்போம்

பலர் கிளினிக்குக்குப் போகிறோம். பிள்ளையை நிறுக்கிறோம், ஊசி போடுகிறோம், திரிபோஷவை வாங்கிக்கொண்டு வருகிறோம். "வலிக்குது மிஸ்" என்று மட்டும் சொல்வதில்லை. வெட்கம் ஒரு காரணம். மொழி இன்னொரு காரணம். பல மிஸ்மாருக்குத் தமிழ் வராது, நம் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் வராது. ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: "மிஸ், கிரி தெனகொட ரிதெனவா." பால் கொடுக்கும்போது வலிக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே பிள்ளைக்குப் பால் கொடுத்துக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தால்தான் பிழை தெரியும். வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அவர் கடமைக்குள் அடங்கியதுதான். வரவில்லையென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நம் சங்கம் கேட்கும். பிரசவ வாட்டில் இருக்கும்போதே, டிக்கட் வெட்டுவதற்கு முன், "ஒரு தரம் பிடித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள். 2020இல் தாய்ப்பாலூட்டலுக்கு நாடுகள் தரும் ஆதரவைத் தரப்படுத்திய உலக அமைப்பு இலங்கைக்கு முதலிடம் கொடுத்தது. நல்ல பெயர்தான். அந்தப் பெயரில் மேல்கணக்கு லயத்துத் தாய்க்கும் ஒரு பங்கு வர வேண்டும்.

பத்து வாரமும் ஆறு மாதமும்

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 வார லீவுதான். 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம். பேறுக்கு முன் 2, பின் 10.

கணக்குப் போடுங்கள். பிள்ளைக்கு 10 வாரமாகும்போது தாய் பெரட்டுக்குப் போக வேண்டும். கிளினிக்கில் 6 மாதம், அதாவது 26 வாரம், தாய்ப்பால் மட்டும் என்கிறார்கள். இடையில் 16 வாரம். இந்த 16 வாரத்தை எப்படிக் கடப்பது?

அதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 9 மணித்தியால வேலைக்குள் 2 இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா போன்ற தகுந்த இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் 1 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இது சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமானது. கங்காணி ஐயா தயவில் விடுவதல்ல, சட்டம் தந்தது. பேறுக்கு முந்திய 3 மாதமும் பிந்திய 3 மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்காகும் வேலை கொடுக்கவும் கூடாது.

இந்த இடைவேளை இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்கெல்லாம் மார்பு கனக்கிறது. சட்டை நனைகிறது. பன்னிரண்டு மணிக்குக் கல்லாகிறது. சாயங்காலம் பிள்ளையிடம் போனால் காம்பு தட்டையாகி இருக்கிறது, பிள்ளைக்குப் பிடிக்க முடியவில்லை, முதல் வாரத்து வலி திரும்பி வருகிறது. பால் வெளியேறாத மார்பில் சுரப்பும் குறைகிறது. தாதி மிஸ் கற்றுக்கொடுத்ததை மலை கெடுத்துவிடுகிறது.

அரை மணித்தியாலம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மேல்மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி ஏறவே அந்த அரை மணித்தியாலம் போய்விடுகிறது. போய் வந்தால் கிலோ குறைகிறது, அரைப் பேர் விழுகிறது. அதனால் சட்டம் இருந்தும் யாரும் போவதில்லை. கேட்டால் "அவங்களே போறதில்லையே" என்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் இருப்பவள். இதன் மறுபக்கத்தை அங்கே பார்க்கிறேன். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை இரண்டு மூன்று மாதம் விட்டு விட்டு வருவாள். கேட்டால், "தம்பிய பாத்துக்க ஆள் இல்ல டீச்சர்" என்பாள். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய் அம்மாவிடம் பால் கொடுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறாள். தாய்க்குக் கொடுக்காத அந்த இரண்டு இடைவேளையின் விலையை மூத்தவள் தன் படிப்பால் கட்டுகிறாள்.

வேலைக்குப் போகும் தாய் செய்யக்கூடியதும் உண்டு. லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே கையால் பால் எடுத்துப் பழகுங்கள். பெருவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் காம்பிலிருந்து சுமார் 3 சென்றிமீற்றர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலில் இழுக்க வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய மூடியுள்ள பாத்திரத்தில் எடுங்கள். 25 பாகைக்கு மேற்படாத குளிர்ச்சியான இடத்தில் 4 மணித்தியாலம் வைக்கலாம். கீழ்ப்பக்க இறப்பர் மலைகளில் சூடு அதிகம், அங்கே இன்னும் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். போத்தல் வேண்டாம். ஆயாம்மா கோப்பையால் கொடுக்கட்டும். மலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவுங்கள். உரம் போட்ட நாளில், மருந்து அடித்த மலையில் நின்ற நாளில், உடம்பைக் கழுவி உடுப்பை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

தோழர்களே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை நம் மக்கள் நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் காட்டு வழியே நடந்து வந்த நம் பாட்டன் பாட்டிமாரை நினைத்து நடந்த நடை அது. 200 வருடத்துக்குப் பிறகு பேத்தி ஒருத்தி அரை மணித்தியாலத்துக்காகக் கங்காணி முகத்தைப் பார்த்து நிற்கக் கூடாது. ஆகவே நான்கு காரியத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் மாதர் தலைவி ஒரு கொப்பி வைக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் பெயர், பிள்ளை பிறந்த திகதி, லீவு முடியும் திகதி, இடைவேளை கிடைக்கிறதா இல்லையா. ஆதாரம் இல்லாமல் துரையிடம் பேசிப் பயனில்லை.

இரண்டாவது, பால் கொடுக்கும் தாய்மாரைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்ட உள்ள மலையில் போடக் கேட்க வேண்டும். இதற்கு நிர்வாகத்துக்குச் சல்லி செலவில்லை.

மூன்றாவது, இடைவேளைக்குப் போன நேரத்துக்கு ஏற்பக் கிலோவைக் குறைத்து முழுப் பேர் போடக் கேட்க வேண்டும். சட்டம் நேரத்தைத் தந்திருக்கிறது. அந்த நேரத்தைக் கிலோவால் பறிக்க விடுவதா என்பது நாம் பேசித் தீர்க்க வேண்டியது. பேசிச் சரிவராவிட்டால் மாத்தளைத் தொழில் அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுப்போம்.

நான்காவது, பிள்ளைக் காம்பராவில் ஒரு மூலையைத் திரை போட்டு, சாய்ந்து உட்கார ஒரு வாங்கு, குடிக்கத் தண்ணீர், கை கழுவ ஒரு பைப். வெளிச்சமில்லாத இடத்தில், ஆட்கள் போய்வரும் இடத்தில், எந்தத் தாயும் நிதானமாகப் பிள்ளையைப் பிடிக்க முடியாது.

தம்பிமாரே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ராத்திரி பிள்ளை எழும்பினால் தூக்கித் தாயிடம் கொடுங்கள். முதுகுக்குத் தலையணை வையுங்கள். அவளுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஊற்றுங்கள். யாராவது வந்து "இவளுக்குப் பால் இல்ல" என்றால், "நாளைக்குக் கிளினிக்ல நிறுத்துப் பாத்துட்டுச் சொல்றோம்" என்று பதில் சொல்லுங்கள். புருஷன் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் பெரிய பலம்.

சந்தா வெட்டும் பட்டியலில் பெண்கள் பெயர்தான் கூட. ஆகவே பெண்ணின் நோவும் சங்கத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது மாதர் தலைவிமார் அந்தக் கொப்பியோடு வாருங்கள். முதல் பக்கத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் அன்றைய கூட்டத்தைத் தொடங்குவோம்.

இப்போது கைப்பிள்ளையோடு வந்திருப்பவர்கள் கொஞ்சம் இருங்கள். வலி இருக்கிறவர்கள் திரைக்குப் பின்னால் வாருங்கள், பிடித்துப் பார்ப்போம்.